டியூட்டராக வருகிறவருக்கு என்ன தேர்வு வைப்பது?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கற்றல் உதவி மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் முதலாண்டு மாணவர்களில் பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்தவர்கள். பலர் அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பிசினஸ் மேத்ஸ், புள்ளியியல், ஆங்கிலப் பாடநூல் வாசிப்பு ஆகியவற்றில் இவர்களுக்கு உதவ மூத்த மாணவர்களிலிருந்து 20 பேரை ஊக்கத்தொகை கொடுத்து டியூட்டர்களாக எடுக்கிறோம். சென்ற ஆண்டு மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து எடுத்தோம். 80 சதவீதத்துக்கு மேல் வாங்கிய சிலர் பின்னக் கூட்டலில் தடுமாறினார்கள். சிலர் பாடநூலைக் கடகடவென்று வாசித்தார்கள், பொருள் கேட்டால் சொல்ல முடியவில்லை. இந்த முறை அடிப்படைக் கணக்குக்கும் வாசித்துப் புரிந்துகொள்வதற்கும் தேர்வு வைக்கப் போகிறோம். 40 பேர் போல விண்ணப்பிப்பார்கள். எந்த அளவில் கேட்பது, எத்தனை கேள்வி, தமிழிலா ஆங்கிலத்திலா, தேர்ச்சி மார்க் எவ்வளவு? நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் பிள்ளை இதில் தவறினால் அவரிடம் என்ன சொல்வது?
– ஒருங்கிணைப்பாளர், ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு,

நீங்கள் வைக்கப்போகும் தேர்வு, விண்ணப்பித்தவர் எத்தனை தவறு செய்தார் என்று சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு தவறும் எங்கே பிறந்தது என்றும் காட்ட வேண்டும். கணக்கு தெரியாமல் தவறினாரா, கேள்வியைச் சரியாக வாசிக்காமல் தவறினாரா, தெரிந்தும் கைப்பிசகா? டியூட்டர் நாளை முதலாண்டுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து இதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே கேள்வி எழுதுவது, திருத்துவது, மார்க் வைப்பது எல்லாமே இந்த நோக்கத்துக்கு அடங்கி இருக்கட்டும்.

மதிப்பெண் பட்டியல் உங்களைக் கைவிட்டதில் வியப்பில்லை. செமஸ்டர் தேர்வு அந்தப் பருவத்தின் பாடத்தைத்தான் கேட்கிறது. ஆறாம் வகுப்பில் விட்டுப்போன பின்னக் கூட்டலை அது திரும்பக் கேட்பதில்லை. 'இதில் ஏதேனும் ஒன்று' என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, கையில் கால்குலேட்டர் இருக்கிறது. பழைய ஓட்டை மூன்று ஆண்டும் மூடியே கிடக்கலாம். இது உங்கள் கல்லூரிக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் அசர் (ASER) 2023 ஆய்வு, 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களின் கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதுள்ளவர்களைச் சோதித்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43 சதவீதம் பேர்தான். அந்த வயதுக்காரர்கள்தாம் இப்போது கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் உங்களிடம் டியூட்டராகவும் விண்ணப்பிப்பார்கள்.

கணக்கின் அளவு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை போதும். அதற்கு மேல் போனால் யார் கோச்சிங் போனார்கள் என்று தெரியுமே தவிர, யாருக்கு அடிப்படை நிற்கிறது என்று தெரியாது. 20 கேள்வி, 50 நிமிடம், கால்குலேட்டர் இல்லை. நாற்பது பேருக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தேவையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 20-க்கு சராசரியாக 5 கிடைத்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, அவர் எப்படி யோசித்தார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போவது. ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் நான்கு விரல் அகலம் இடம் விட்டு, வழிமுறையை அங்கேயே எழுதச் சொல்லுங்கள். ரஃப் ஒர்க்கை அழிக்கக் கூடாது, வேண்டாததன் மேல் ஒரு கோடு போட்டால் போதும் என்று தாளின் தலையிலேயே அச்சிட்டுவிடுங்கள். ஒரு தாளைத் திருத்த ஐந்து நிமிடம் என்றாலும் நாற்பது தாளை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இருபதில் ஆறு கேள்வி முழு எண், தசமம், பின்னம். ஆறு கேள்வி சதவீதம், விகிதம், சராசரி. மூன்று கேள்வி மிகை-குறை எண், செயல் வரிசை, எளிய சமன்பாடு. இரண்டு கேள்வி அட்டவணையோ வரைபடமோ பார்த்துச் சொல்வது. கடைசி மூன்று, ஒரு மாணவன் தவறாகப் போட்ட கணக்கைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வது. முதலாண்டுப் பாடத்துக்கு அதிகம் தேவைப்படுவது சதவீதமும் சராசரியும் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் இடம்.

கேள்வியில் போடும் எண்களில்தான் உண்மையான வேலை இருக்கிறது. 504-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 226. ஒருவர் 374 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறார். கடன் வாங்குவது என்றால் என்ன என்பதே அவருக்குள் இறங்கவில்லை. 236 என்று எழுதியவருக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் இருக்கும் சுழியம் 10 ஆகி, பிறகு 9 ஆக வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். இரண்டும் தவறுதான், இரண்டுக்கும் மார்க் இல்லைதான். ஆனால் இரண்டாமவரை அரை மணி நேரத்தில் சரி செய்யலாம். இதே கேள்வியை 564 − 238 என்று போட்டால் சுழியம் போய்விடும், இந்தப் பிழை வெளியே வராது.

தசமத்துக்கு நம்மூர் நிலக்கணக்கைவிட நல்ல கேள்வி கிடையாது. '2 ஏக்கர் 5 சென்ட் நிலத்தை ஏக்கரில் தசமமாக எழுதுக; 1 ஏக்கர் = 100 சென்ட்.' விடை 2.05. 2.5 என்று எழுதுகிறவர் 45 சென்ட் நிலத்தைக் கூடுதலாக எழுதிவிட்டார். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற இட மதிப்பு அவருக்குப் பிடிபடவில்லை. 2.5 மணி நேரத்தை 2 மணி 50 நிமிடம் என்று சொல்கிறவரும், 0.35-ஐ 0.4-ஐவிடப் பெரிது என்கிறவரும் இதே குழியில்தான் விழுகிறார்கள். இந்த மூன்றில் இரண்டைத் தாளின் வேறு வேறு இடத்தில் வைத்தால், பிழை தற்செயலா வழக்கமா என்று தெரிந்துவிடும்.

சதவீதத்தில் திரும்பிப் போகும் கணக்கைக் கட்டாயம் வையுங்கள். '5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஒரு சேலையின் விலை 840 ரூபாய். வரிக்கு முன் விலை என்ன?' விடை 800. 798 என்று எழுதுகிறவர் 840-இல் 5 சதவீதத்தைக் கழித்திருக்கிறார். எதனுடைய 5 சதவீதம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. பி.காம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போகிறவர் இந்த இடத்தில் தவறினால், அவர் உட்காரும் மேசையில் அத்தனை பேரும் தவறுவார்கள். சராசரிக்கு: 40 பேர் உள்ள வகுப்பின் சராசரி 50, 20 பேர் உள்ள வகுப்பின் சராசரி 80, இரண்டும் சேர்ந்தால்? விடை 60. 50-ஐயும் 80-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தவர் 65 என்பார். புள்ளியியலின் முதல் அலகே அங்கே ஆடிப்போகிறது.

செயல் வரிசைக்கு 18 − 6 ÷ 3 × 2 போதும். 14 என்பது சரி. 8 வந்தால் இடமிருந்து வலமாக அப்படியே போட்டிருக்கிறார். 17 வந்தால் வகுத்தலையும் பெருக்கலையும் ஒரே தரத்தில் வைத்து வருகிற வரிசையில் செய்யாமல், பெருக்கலை முன்னால் செய்திருக்கிறார். இப்படி ஒவ்வொரு கேள்விக்கும், 'இந்தத் தவறான விடை வந்தால் இன்ன பிழை' என்று இரண்டோ மூன்றோ விடைக்குறிப்பிலேயே எழுதி வைக்க முடிய வேண்டும். அப்படி எழுத முடியாத கேள்வியைத் தாளில் சேர்க்காதீர்கள்.

ஊர்க்கணக்கு நல்லதுதான், ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. 'மஞ்சள் குவிண்டால் 13,000 ரூபாய், 65 கிலோ மூட்டைக்கு எவ்வளவு?' என்று கேட்டால், ஈரோடு சந்தைக்கு அப்பாவோடு போய் வந்த பிள்ளைக்கு 8,450 என்பது வாயிலேயே வரும். கோவை நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் குவிண்டால் என்றால் எத்தனை கிலோ என்பதே தெரியாமல் இருக்கலாம். அப்போது நீங்கள் சோதிப்பது விகிதத்தை அல்ல, யார் தோட்டத்து வீட்டுப் பிள்ளை என்பதை. சென்ட், குவிண்டால், டஜன் போன்ற அளவு எது வந்தாலும் அதன் மதிப்பைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுங்கள். மூன்று கேள்வி விவசாயம் என்றால் மூன்று பனியன் கம்பெனி, மூன்று கடை, பஸ், சம்பளம் என்று பரவலாக எடுங்கள்.

கணக்குத்தாள் இரண்டு மொழியிலும் இருக்கட்டும், ஒரே கேள்வி மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும். கணக்கில் ஆங்கிலத்தைச் சோதிக்க வேண்டாம். அதற்கு வேறு தாள் இருக்கிறது. தமிழாக்கத்தைக் கணக்கு ஆசிரியர் ஒருவரும் மொழி ஆசிரியர் ஒருவரும் தனித்தனியாக வாசித்து, இரண்டு வடிவத்துக்கும் ஒரே விடை வருகிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும். 'குறைந்தது 3', '3-க்கு மேல்' இந்த இரண்டும் இடம் மாறினால் விடையே மாறிப்போகும்.

இனி வாசிப்பு. இதில்தான் பல இடங்களில் தேர்வு வீணாகிறது. சத்தமாக வாசிக்கச் சொல்லி, தடுமாறாமல் வாசித்தால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சென்ற ஆண்டு கண்டது அதன் விளைவுதான்: உச்சரிப்பு ஓடும், பொருள் நிற்காது. பத்தியை மௌனமாக வாசிக்க விட்டு, எழுத்தில் பதில் கேளுங்கள். பத்தி அவர்கள் முன்னாலேயே இருக்கட்டும். நாம் நினைவாற்றலைச் சோதிக்கவில்லை.

மூன்று பகுதி, மொத்தம் 12 கேள்வி, 45 நிமிடம். ஒன்று 150 சொல் வரைக்கும் உள்ள தமிழ் அறிவிப்பு. இரண்டாவது, முதலாண்டுப் பாடநூலிலிருந்து அதே நீளத்தில் ஒரு ஆங்கிலப் பத்தி. மூன்றாவது, குறிப்புகளோடு கூடிய ஒரு அட்டவணை. பஸ் நேரமோ கட்டண விவரமோ எதுவானாலும் சரி. கேள்விகளில் நான்கு மட்டும் பத்தியில் நேராக இருப்பதைக் கேட்கட்டும். ஐந்து, இரண்டு இடத்தில் இருப்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை வரும்படி. மிச்சம் மூன்று, பத்தியில் சொல்லப்படாததைக் கண்டுகொள்கிறாரா என்று பார்க்க.

தமிழ்ப் பத்திக்கு நம் பக்கத்துப் பாசன அறிவிப்பின் நடை மிகப் பொருத்தம். மாதிரிக்கு ஒரு சிறு துண்டு:

'கீழ்பவானி பிரதான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளுக்கும், சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலின் இரட்டைப்படை மதகுகளுக்கும் உட்பட்ட நிலங்களுக்கு, முதல் போக நன்செய் பாசனத்துக்காக 120 நாட்களுக்குத் தண்ணீர் திறக்கப்படும். அணையின் நீர் இருப்பையும் நீர்வரத்தையும் பொறுத்து, இடையில் சில நாட்கள் தண்ணீர் நிறுத்தப்படலாம்.'

எத்தனை நாட்களுக்குத் தண்ணீர் என்று கேட்பது நேர்க்கேள்வி. 'ஒருவரது நிலம் பிரதான வாய்க்காலின் 46-ஆம் மதகில் பாய்கிறது. இந்த அறிவிப்பின்படி அவருக்குத் தண்ணீர் உண்டா?' என்பது அடுத்த படி. 46 இரட்டைப்படை என்பதையும் எந்த வாய்க்கால் என்பதையும் சேர்த்துப் பார்த்து, இல்லை என்று சொல்ல வேண்டும். இரட்டைப்படை என்ற சொல்லைக் கண்டதும் 'உண்டு' என்று எழுதுகிறவர் பகிர்மான வாய்க்காலின் வரியை எடுத்துப் பிரதான வாய்க்காலுக்குப் போட்டுவிட்டார். 'தண்ணீர் திறந்த 60-ஆம் நாள் வாய்க்காலில் நிச்சயம் தண்ணீர் ஓடுமா?' என்றால், உறுதியில்லை என்பதோடு, எந்த வரி அப்படிச் சொல்கிறது என்றும் காட்ட வேண்டும். 'இந்த ஆண்டு இரண்டாம் போகத்துக்கும் தண்ணீர் உண்டா?' என்ற கேள்விக்கு விடை, 'இதில் சொல்லப்படவில்லை.' நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் பொதுவாகத் தடுக்கி விழுவது இந்தக் கடைசி வகையில்தான். ஏதாவது எழுதினால் அரை மார்க்காவது கிடைக்கும் என்ற பரீட்சைப் பழக்கம், இல்லாததை இட்டுக்கட்டி எழுத வைக்கிறது. டியூட்டர் மேசையில் இந்தப் பழக்கம் ஆபத்தானது. தெரியாததற்கும் ஒரு விடையைச் சொல்லிவிடுவார், முதலாண்டுப் பிள்ளை அதை நம்பி எழுதிக்கொள்ளும்.

பத்தியைப் படிக்காமலே விடை சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது அவசியம். கேள்விகளை மட்டும், பத்தி இல்லாமல், விண்ணப்பிக்காத ஐந்து பேரிடம் கொடுங்கள். அவர்களில் இரண்டு பேராவது கீழ்பவானிப் பாசனப் பகுதி வீட்டுப் பிள்ளைகளாக இருக்கட்டும். அவர்களால் ஊகித்துச் சரியாக எழுத முடிகிற கேள்வியை எடுத்துவிடுங்கள். அது வாசிப்பைச் சோதிக்கவில்லை. மேலே சொன்ன மதகுக் கேள்வி இந்தச் சோதனையில் நிற்கும், ஏனென்றால் எந்த ஆண்டு ஒற்றைப்படை மதகுக்குத் தண்ணீரா, இரட்டைப்படைக்கா என்பது அறிவிப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆங்கிலப் பத்திக்கு விடையைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் டியூட்டரின் உண்மையான வேலை அதுதானே: ஆங்கிலத்தில் இருப்பதை வாசித்து, தமிழ் வழியில் வந்த பிள்ளைக்குப் புரியும்படி சொல்வது. 'இந்தப் பத்தியை முதலாண்டு மாணவர் ஒருவருக்கு ஐந்து வாக்கியத்தில் விளக்கி எழுதுக' என்பதை ஒரு கேள்வியாக வைத்து, கருத்துக்கு ஒரு மார்க் கொடுங்கள். தேய்மானம் பற்றிய பத்தி என்றால், விடைக்குறிப்பில் இருக்க வேண்டிய கருத்துகள் இவை: சொத்தின் மதிப்பு பயன்பாட்டாலும் காலத்தாலும் குறைகிறது, வாங்கிய விலையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாகக் காட்டுகிறோம், அந்த ஆண்டு கையிலிருந்து பணம் போகவில்லை, ஆயுட்காலம் என்பது ஒரு மதிப்பீடு. எழுத்துப்பிழை, சந்திப்பிழைக்கு மார்க் குறைக்க வேண்டாம். பாடநூல் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் கோத்து வைத்திருந்தால் மட்டும் மார்க் கொடுக்காதீர்கள். 'டிப்ரிசியேஷன் என்பது அசெட்டின் வேல்யூ டிக்ளைன் ஆவது' என்று எழுதினால் புரிந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. பத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது 'அன்லெஸ்', 'அட் லீஸ்ட்', 'ரெஸ்பெக்டிவ்லி' போன்ற சின்னச் சொற்கள் ஒன்றிரண்டு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கலைச்சொல்லை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். வாக்கியத்தின் பொருள் தலைகீழாவது இந்தச் சின்னச் சொற்களில்தான்.

ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் நீக்கிவிட்டு நிரப்பச் சொல்லும் முறை ஆங்கில வாசிப்புத் தேர்வுகளில் உண்டு. தமிழுக்கு அதை எடுக்காதீர்கள். தமிழ்ச்சொல் வேற்றுமையையும் காலத்தையும் இடத்தையும் தன்னோடே சுமக்கிறது. ஒரு சொல் போனால் பல விடைகள் பொருந்தும், திருத்துகிறவருக்குள்ளேயே சண்டை வரும். ஆங்கிலப் பத்தியின் கடினத்தைக் கணக்கிடும் சூத்திரங்களும் தமிழுக்குச் செல்லாது.

தாள் தயாரானதும் விண்ணப்பிக்காத 15 பேரிடம் ஒரு ஒத்திகை பாருங்கள். பக்கத்து பி.எட். கல்லூரி மாணவர்கள் கிடைத்தால் நல்லது. பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்க முடியவில்லை என்றால் கேள்வியைக் குறையுங்கள், இல்லை நேரத்தைக் கூட்டுங்கள். மேசையில் உட்கார்ந்து சொல்லித்தருகிறவருக்கு வேகம் அவசியமில்லை. எல்லோரும் சரியாகப் போட்ட கேள்வியால் ஒரு பயனும் இல்லை. முதல் கேள்வி ஒன்றை மட்டும் தைரியம் வருவதற்காக வைத்துக்கொள்ளலாம். ஒருவரும் போடாத கேள்வியில் பெரும்பாலும் வார்த்தையில் குழப்பம் இருக்கும்.

உண்மையான தேர்வு முடிந்ததும், மொத்த மார்க்கில் மேலே உள்ள 13 பேரையும் கீழே உள்ள 13 பேரையும் பிரித்து, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு பக்கமும் எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்று எண்ணுங்கள். மேலே 11, கீழே 5 என்றால் அந்தக் கேள்வி வேலை செய்கிறது. மேலே 6, கீழே 8 என்று தலைகீழாக வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சந்தேகப்படுங்கள். குறிப்பு தவறு, அல்லது கேள்விக்கு இரண்டு விடை பொருந்துகிறது என்று தெரிந்தால், அந்தக் கேள்வியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் முடிவை அறிவிக்க வேண்டும். 40 பேருக்கு இதைவிட நுட்பமான புள்ளியியல் செய்வதில் பயனில்லை. எண்ணிக்கை சிறியது.

தேர்ச்சி மார்க்கை 40 என்றோ 50 என்றோ வழக்கத்துக்கு வைக்காதீர்கள். முதல் 20 பேர் என்றும் எடுக்காதீர்கள். இருபதாவது ஆளுக்குப் பின்னம் தெரியவில்லை என்றால் அந்த இடம் இருப்பதற்காக அவரை உட்கார வைப்பது முதலாண்டுப் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. அமெரிக்கத் தேர்வியல் அறிஞர் வில்லியம் ஆங்காஃப் 1971-இல் எழுதியதிலிருந்து உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறை இருக்கிறது, உங்கள் அளவுக்கு அது கச்சிதம். கணக்கு ஆசிரியர்கள் மூன்று, நான்கு பேர் உட்காருங்கள். முதலில் விடைக்குறிப்பைப் பார்க்காமல் தாளை நீங்களே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும், 'டியூட்டராக இருக்க இதுவே கடைசி எல்லை என்று சொல்லத்தக்க பத்துப் பேர் இதை எழுதினால் எத்தனை பேர் சரியாகப் போடுவார்கள்?' என்று அவரவர் தனியாகக் குறியுங்கள். ஒருவர் 9, ஒருவர் 8, ஒருவர் 7 என்றால் அந்தக் கேள்விக்கு 0.8. இருவருக்குள் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் பேசி, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். இருபதையும் கூட்டினால் 15.6 என்று வந்தால் எல்லை 16. விண்ணப்பித்தவர்களின் மார்க்கைப் பார்க்கும் முன்பே இதை முடித்துக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட வேண்டும். பார்த்த பிறகு வைத்தால் மனசு தெரிந்த முகங்களை நோக்கிச் சாயும்.

அந்த 16-உம் கல்லில் வெட்டியது அல்ல. 20 கேள்வித் தாளில் அந்த உயரத்தில் ஒருவரது மார்க், வேறு நாளில் வேறு கேள்விகளோடு எழுதியிருந்தால் 2 மார்க் வரை மேலேயோ கீழேயோ போயிருக்கலாம். ஆகவே 18-உம் அதற்கு மேலும் தெளிவாகத் தேர்ச்சி. 13-உம் அதற்குக் கீழும் இப்போதைக்கு இல்லை. 14 முதல் 17 வரை உள்ளவர்களை எழுத்துத்தாளை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வாய்மொழிப் பகுதியையும், இதே அளவில் வேறு கேள்விகளோடு மறுபடி எழுதும் இரண்டாம் கணக்குத்தாளையும் பார்த்துச் சொல்லுங்கள். வாசிப்புக்குத் தனி எல்லை வையுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே மொத்தமாக்கினால், வாசிப்பில் வாங்கிய மார்க் கணக்கில் உள்ள பள்ளத்தை மூடிவிடும். கணக்கு எல்லையைத் தொடாதவர் வாசிப்பில் நன்றாக இருந்தால் ஆங்கிலப் பாடநூல் மேசைக்கு அவர் தாராளமாக வரலாம். எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. வாசிப்பில் தவறியவரைக் கணக்கு மேசையில் உட்கார வைக்க வேண்டாம், ஏனென்றால் முதலாண்டுக் கணக்கெல்லாம் வார்த்தையில்தான் வருகிறது.

வாய்மொழிப் பகுதிக்கு ஆளுக்குப் பத்து நிமிடம். ½ + ⅓ = ⅖ என்று போட்ட நோட்டுத் தாளைக் கையில் கொடுத்து, முதலாண்டுப் பிள்ளையாக ஒருவர் எதிரே உட்கார்ந்து, 'அக்கா, எனக்கு அஞ்சுல ரெண்டுன்னு வருதுங்க, சரிதானுங்களா?' என்று கேட்கட்டும். மூன்றைப் பாருங்கள்: பிழை எது என்று சொன்னாரா, அந்தப் பிள்ளை ஏன் அப்படி யோசித்தது என்று சொன்னாரா, அடுத்து என்ன கேட்டார். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. 'பகுதி வேற வேறங்க, அதனால மீ.சி.ம. எடுக்கணும்' என்று விதியை மட்டும் சொன்னால் முதலாவதற்கு 2, இரண்டாவதற்கு 0. 'மேலே மேலயும் கீழே கீழயும் கூட்டிட்டீங்க' என்று சொல்லிவிட்டு, 'பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியை விடக் குறையுமா? அஞ்சுல ரெண்டு பாதியை விடச் சின்னதா பெருசா?' என்று திருப்பிக் கேட்கிறவர் முழு மார்க்குக்கு உரியவர். பேனாவைப் பிடுங்கித் தானே போட்டுக் காட்டுகிறவருக்குக் கணக்கு தெரியும், சொல்லித்தர இன்னும் தெரியாது. அதற்குப் பயிற்சி கொடுக்கலாம். இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக மார்க் போட்டுவிட்டுப் பிறகுதான் பேசிக்கொள்ள வேண்டும்.

14 முதல் 17 வரை வாங்கியவர்களுக்கு இன்னொன்று செய்யுங்கள். அவர்கள் தவறவிட்ட வார்த்தைக் கணக்கு ஒன்றை எடுங்கள். உதாரணமாக, '8 பேர் 6 மணி நேரத்தில் 960 பீஸ் தைக்கிறார்கள். அதே வேகத்தில் 5 பேர் 8 மணி நேரத்தில் எத்தனை தைப்பார்கள்?' விடை 800. ஆஸ்திரேலியாவின் ஆன் நியூமன் 1977-இல் வகுத்த ஐந்து படிகளில் கேளுங்கள்: கேள்வியை வாசியுங்கள், என்ன கேட்கிறது என்று சொல்லுங்கள், எந்த வழியில் போவீர்கள், போட்டுக்கொண்டே வாய்விட்டுச் சொல்லுங்கள், கடைசியாக விடையை எழுதுங்கள். எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது படியில் நின்றவருக்குக் கணக்குப் பயிற்சி கொடுத்தால் பலன் இருக்காது, அவர் தேங்குவது வாசிப்பில். மூன்றாவதில் நின்றவருக்கு ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் 20 பீஸ் என்ற அலகுக்கு வரத் தெரியவில்லை. நாலாவதில் நின்றவருக்குப் பெருக்கல், வகுத்தலில் கை தளர்ந்திருக்கிறது. தேர்வாகிறவர்களுக்கும் இந்த ஐந்து கேள்வியைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நாளை மேசையில் அவர்கள் கேட்க வேண்டியதும் இவைதாம்.

இரண்டாம் தாளை முதலிலேயே எழுதி வையுங்கள். எண்களை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். மேலே 504-ஐ 564 ஆக்கியபோது பார்த்தோம், ஒரு சுழியம் போனால் கேள்வியே வேறு. எந்தப் பிழையைப் பிடிக்க அந்த எண் வைக்கப்பட்டதோ, அதே பிழையைப் பிடிக்கும் எண்ணைத்தான் போட வேண்டும்: 504 − 278-க்கு இணை 603 − 157.

நடத்தும் முறையில் சில. ஒரு வாரம் முன்பே ஐந்து மாதிரிக் கேள்விகளைக் கொடுத்துவிடுங்கள், இது திகைக்க வைக்கும் பரீட்சை அல்ல. எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுத வையுங்கள். காலை ஒரு குழு, மதியம் ஒரு குழு என்றால் மதியத்துக்குள் கேள்விகள் செல்போனில் போய்ச் சேர்ந்துவிடும். மாலையில் வைக்காதீர்கள். சத்தியமங்கலம், அந்தியூர்ப் பக்கமிருந்து வரும் டே ஸ்காலர் பிள்ளைகள் கல்லூரி பஸ் போய்விடும் என்ற பதற்றத்திலேயே எழுதுவார்கள். தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும், 'எங்க டிபார்ட்மென்ட் பொண்ணுங்க' என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பார்வைக் குறைபாடு உள்ளவர் விண்ணப்பித்தால் எழுத உதவியாளரும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கொடுங்கள். வரைபடக் கேள்விக்கு இணையாக அட்டவணைக் கேள்வி ஒன்றைத் தயாராக வையுங்கள். முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம். ஆறாம் வகுப்புக் கணக்கில் தவறினார் என்று நண்பர்கள் முன்னால் தெரிந்தால், அந்தப் பிள்ளை இனி எந்த உதவிக்கும் உங்கள் மையத்தின் பக்கம் வராது.

நல்ல மதிப்பெண் வைத்திருந்தும் தவறியவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவருடைய தாளையே முன்னால் வையுங்கள். 'நீங்க தேறலை' என்று தொடங்காமல், 'இந்த மூன்று கேள்வியிலும் ஒரே பிழை இருக்கு, பாருங்க' என்று காட்டுங்கள். பெரும்பாலும் ஆறேழு தவறுகள் இரண்டே வேரிலிருந்து வந்திருக்கும்: தசம இட மதிப்பு, எதனுடைய சதவீதம் என்ற கேள்வி. அவற்றை வாரம் இரண்டு மணி நேரம் வீதம் மூன்று வாரத்தில் சரி செய்து, இரண்டாம் தாளை எழுத வைக்கலாம். அதில் எல்லையைத் தொட்டால் முதல் முறை தேறியவருக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பில் தவறியவருக்கு மூன்று வாரம் போதாது. அவரை அடுத்த பருவத்துக்கு வரச் சொல்லி, அதுவரை வாரம் இரண்டு பத்தி வாசித்து, எந்த வரி எதைச் சொல்கிறது என்று எழுதிக்கொண்டு வந்து காட்டச் சொல்லுங்கள். அந்த நோட்டைத் திருத்திக் கொடுக்க உங்கள் ஆங்கிலத் துறையில் ஒருவரை இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள், பருவம் தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.